அம்மாவின் சேலையால் அளந்த பூந்தோட்டம்

என் மகளுக்கு,

முதலில் அந்தக் கோட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ இதைப் படிக்காமல் சிரித்துக்கொண்டே இருப்பாய். நீ முதன்முதலாக இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அன்று கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான் போட்டுக்கொண்டு வந்த சாம்பல் நிறக் கோட்டு என்னுடையது அல்ல. கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் நான் வேலை செய்யும் துணிக்கடையில், கண்ணாடிக்குள் நிற்கிறதே ஒரு பொம்மை, அதனுடையது. முதலாளி ஹாஜியார்தான் தூண்டிவிட்டார். "மகள் சீமைக்குப் போற நேரம் நீங்க இந்த வெறும் சேட்டோட போய் நிக்கிறதா? பொம்மைக்கு இண்டைக்கி லீவு குடுங்க" என்றார். நானும் பொம்மையைச் சட்டையில்லாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். விமான நிலையத்துக்கு முன்னால் உள்ள சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்களே, அப்போது ஓர் இராணுவப் பையன் என் முதுகைத் தடவிப் பார்த்து, காலருக்குள்ளிருந்து விலைச்சீட்டை வெளியே இழுத்தான். இது விற்பனைக்கா என்று சிங்களத்தில் கேட்டான். பயத்தில் எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. கடையில் வாய்க்குப் பழகிப்போன பதில்தான் வந்தது: உங்களுக்கென்றால் கொஞ்சம் குறைக்கலாம் சேர். அவன் சிரித்தான், பக்கத்தில் நின்றவன் சிரித்தான், பையைத் திறக்காமலேயே விட்டுவிட்டார்கள். நீயும் அம்மாவும் கொஞ்சம் தள்ளி நின்று, இந்த ஆளை எங்களுக்குத் தெரியாது என்பது போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

இப்போது நீ மறுபடியும் போகப் போகிறாய். முதல் தடவை ஒரு சுற்றுலா மாதிரி, மாணவர்களோடு மாணவியாக. இந்தத் தடவை இரண்டு வருடப் படிப்பு. விமான நிலையத்தில் நின்று பேச முடியாது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டேன். அங்கே போனால் நான் விலை குறைக்கத்தான் ஆரம்பிப்பேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்து, அதிலும் கணிதத்தில் தட்டுத்தடுமாறியவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள், சிவப்பு மையால் வேண்டாம்.

பழைய பூந்தோட்டங்களைப் பார்த்துப் படிப்பதற்கு மாணவர்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று நீ முதலில் வந்து சொன்னபோது, யாரோ உங்களை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பேராதனைப் பூங்கா பிலிமத்தலாவையிலிருந்து ஒரு பஸ்ஸில் போகிற தூரம். அதைவிடப் பெரிய மரம் அங்கே என்ன இருக்கப் போகிறது? "பூவப் பார்க்கப் போகல அப்பா. நிலத்த யாரு, எதுக்காக, எப்படி மாத்துனாங்கன்னு பார்க்கப் போறோம்" என்றாய். எனக்கு அது விளங்கவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும். உன் ஹேவாஹெட்ட மாமாவுக்கு இன்னும் மோசம். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷினோடு மல்லுக்கட்டி வாழ்கிறவர். "நம்ம குடும்பத்துல ஒரு ஆளு தேயிலத் தோட்டத்த விட்டு வெளிய வாறதுக்கு மூணு தலமுற ஆச்சு. இந்தப் புள்ள பிளேன் ஏறித் தோட்டத்துக்குப் போறாளாம்" என்று சொல்லிச் சொல்லி அந்த நத்தார்ப் பண்டிகை முழுக்கச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

போக விரும்பியவர்கள் நிறையப்பேர், இடங்களோ கொஞ்சம். நம் நாட்டுப் பழைய தோட்டம் ஒன்றை அளந்து வரைந்து கொடுக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் ஆட்களை எடுப்பார்கள் என்றாய். அதுவும் ஒரு ராஜா நிலத்தை மாற்றி அமைத்ததுதான் என்று சொல்லி நீ கண்டி வாவியைத் தேர்ந்தெடுத்தாய். யாருக்குத்தான் அது பிடிக்காது. ஆனால் மகள், அது வாவிக்கரையிலுள்ள புத்தர் கோயில் மாளிகையில் குண்டு வெடித்த பிறகான காலம். வாவியைச் சுற்றிக் கால்நடையாகப் போகிறவனைக்கூட ஏற இறங்கப் பார்த்தார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு மதிலோரமாகக் குனிந்து குனிந்து அளந்து, தாளில் கோடு போட்டால் என்ன நடக்கும்? அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மத்தியானம் கடைக்கு ஃபோன் வந்தது. ஹாஜியார் ரிசீவரை என்னிடம் தரவில்லை. தானே கேட்டுவிட்டு வேன் சாவியை எடுத்தார்.

காவல் நிலையத்தில் நீ சுவரோரப் பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தாய், கைகள் இரண்டும் மடியில். அந்த வருடங்களில் அந்த மாதிரி வாங்குகளில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடவில்லை. எண்பத்திமூன்று கலவரத்தில் நான் வேலை செய்த கண்டிக் கடை எரிந்ததைத் தெருவில் நின்று பார்த்தவன் நான். அன்று கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. அங்கே இருந்த அதிகாரி சத்தம் போடுகிறவர் இல்லை. உன் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, உன் மகள் என்ன படிக்கிறாள் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பூந்தோட்டம் படிக்கிறாள் என்றேன். பூந்தோட்டம் படிக்க வாவியை எதற்கு அளக்க வேண்டும் என்றார். நியாயமான கேள்விதானே. "சேர், எனக்கும் விளங்கல்ல. கட்டணம் கட்டுறது மட்டுந்தான் என் வேலை" என்றேன். அவர் வரைபடத்தைக் கீழே வைத்தார். தனக்கும் ஒரு மகள் இருப்பதாகவும் அவள் படிப்பதும் தனக்கு விளங்குவதில்லை என்றும் சொன்னார். ஹாஜியார் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தார். உன்னை விட்டார்கள், வரைபடத்தை விடவில்லை. மேலே காட்டிவிட்டுத் தருவதாகச் சொன்னார்கள். இனிமேல் அந்த நாடாவோடு எங்கேயும் நிற்க வேண்டாம் என்று, போகும்போது அந்த அதிகாரி மெதுவாகச் சொல்லி அனுப்பினார். அந்த வரைபடச் சுருள் இன்றைக்கும் அங்கேதான் எங்கேயோ மேலே போய்க்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரைபடம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, இனி முடியாது, வேறு யாராவது போகட்டும் என்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதைப் போலச் சொன்னாய். நானும் சரி என்றுதான் சொல்ல இருந்தேன். போகாத ஊருக்கு வழி கேட்டது போதும், பிள்ளை வீட்டில் இருந்தால் போதும் என்ற நிலைமை எனக்கு. அடுப்படியிலிருந்து உன் அம்மாதான் பேசினாள். "எங்க தோட்டத்துப் பழைய பங்களா இருக்குதானே. அது பூந்தோட்டம் இல்லையா?" என்றாள்.

ஹேவாஹெட்டயில் உன் மாமாவின் லயத்து வீட்டுக்கு மேலே இருக்கிறதே, வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகு பூட்டிக் கிடக்கும் பங்களா. மலையை வெட்டிப் படிப்படியாகப் புல்தரை, நடுவில் கல்படி, சைப்ரஸ் மரவரிசை, வட்டத் தொட்டி, ஒரு ஓரத்தில் துரைமார் பந்தடித்த தரை. அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாளாம். இப்போது லயத்துப் பெண்கள் அந்தப் புல்தரையில் சேலை காயப்போடுகிறார்கள். "அளக்குறதுக்கு நாடா வேணுமே அம்மா" என்றாய். அம்மா உன்னை ஒரு மாதிரி பார்த்து, சேலை காயப்போடப் போகிறவர்களுக்கு நாடா எதற்கு என்றாள்.

அந்த இடத்தில்தான் நான் உள்ளே புகுந்தேன். புகுந்திருக்கக் கூடாது. சேலை என்றால் ஐந்தரை மீற்றர், அதில் என்னைவிடத் தெரிந்தவன் கண்டி முழுக்கக் கிடையாது, வாழ்நாளெல்லாம் அதைத்தானே விரித்து மடித்துக்கொண்டிருக்கிறேன் என்று மார்தட்டினேன். அம்மா நல்ல சேலையைப் புல்லில் போடச் சம்மதிக்கவில்லை. நான் எப்போதோ வாங்கிக் கொடுத்து அவள் உடுத்து உடுத்துத் துவைத்த பச்சைக் கைத்தறிச் சேலையை எடுத்தாள். எதுவானால் என்ன, சேலை சேலைதான் என்றேன். நீ நம்பினாய். படித்த பிள்ளை நீ, உன் அப்பா தன் தொழிலிலாவது சரியாக இருப்பான் என்று நம்பினாய்.

நல்ல வெயில் அன்று. மாமா வேலைக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் சேலையின் இரண்டு முனையையும் பிடித்துப் புல்லில் விரித்தோம். நீ முனையில் ஒரு சின்னக் கல்லை வைத்தாய். மறுபடி தூக்கினோம், அந்தக் கல்லிலிருந்து விரித்தோம். முழுச் சேலை வராத இடத்தில் பாதியாக மடித்தோம், காலாக மடித்தோம், அதிலும் சின்னதாக மடித்தோம். அந்த மடிப்பு மட்டும் என் கையில் சுத்தமாக வந்தது, அதை நீயும் ஒத்துக்கொள்ள வேண்டும். நீளமும் அகலமும் போதாது, மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும் என்று நீ எங்களைச் சரிவெல்லாம் ஏற்றி இறக்கினாய். தாளும் பேனையும் வெளியே எடுக்கப் பயம். ஆகவே கணக்கை அம்மா ஜெபமாலையில் வைத்துக்கொண்டாள், சேலைக்கு ஒரு மணி, மிச்ச மடிப்பு மனதில். பங்களாக் காவல்காரர் வந்து ரொம்ப நேரம் நின்று பார்த்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், ஒரு சேலையைக் காயப்போட இத்தனை இடமா என்று கேட்டார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெயிலு நகந்துகிட்டே போகுது. நாங்களும் அது பின்னாலயே போறோம்" என்றாள். அவள் கையில் ஜெபமாலை, உதடு அசைகிறது. மனுஷன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கிப் போய்விட்டார். அவள் சொன்னது ஜெபமா கணக்கா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். எந்தச் சுவரோரம் எத்தனை மணி என்று அந்தி நேரத்தில் அவள் ஒப்பித்தபோது ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

நீ வரைந்தாய். உன்னை எடுத்தார்கள். பொம்மையின் கோட்டு, விமான நிலையம், அதெல்லாம் சொல்லிவிட்டேன்.

அங்கேயிருந்து நீ எழுதியவற்றில் ஒன்று அம்மாவுக்கு மறக்கவேயில்லை. ஒரு பிரபு தன் மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தால் பசும்புல்லும் குன்றும் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக, நடுவிலிருந்த கிராமத்தையே பெயர்த்து அப்பால் கொண்டுபோய் வைத்தார் என்று எழுதியிருந்தாய். நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா போஞ்சி நறுக்குவதை நிறுத்திவிட்டு, "ஒரு சன்னலுக்காகவா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "எங்க ஆளுங்களப் பெயர்த்தது தேயிலைக்காகவாவது" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினாள். நிலத்தை யார், எதற்காக மாற்றினார்கள் என்று நீ சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்சம் மெதுவாகத்தான் விளங்கும் எனக்கு, ஆனால் விளங்கிவிடும்.

பிறகு அந்த நாள். பயணத்தின் கடைசியில் எல்லாரும் தங்கள் வரைபடத்தைச் சுவரில் மாட்டிப் பேச வேண்டுமாம். பல நாட்டுப் பிள்ளைகள், முன்வரிசையில் விரிவுரையாளர்கள். உன் முறை வந்தது. எல்லாம் நன்றாகப் போனது என்று நீ நினைத்த நேரத்தில் நரைத்த தலையுள்ள ஓர் அம்மையார் எழுந்து வரைபடத்துக்குக் கிட்டே வந்து, பந்தடிக்கும் தரையில் விரலை வைத்தார். உங்கள் நாட்டில் டென்னிஸ் பெரிய தரையிலா விளையாடுவார்கள் என்று மரியாதையாகக் கேட்டார். உலகம் முழுக்க அதற்கு ஒரே அளவுதானாம். நமக்கு எப்படித் தெரியும்? அந்த விளையாட்டை நம் பரம்பரையில் யாரும் தொட்டதில்லை, பந்து வேலிக்கு வெளியே வந்தால் பொறுக்கிக் கொடுத்ததோடு சரி. உன் தரையோ உலகத்தில் எங்குமே இல்லாத நீளம். சில பேர் சிரித்தார்கள். வேறொருவர், அப்படியானால் இந்த அளவு எதையும் நம்ப முடியாதே என்றார்.

அந்த நேரத்தில் நீ அங்கே நின்றதை நான் பார்க்கவில்லை. ஆனால் எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரைபடத்தைச் சுருட்டியிருப்பேன். நீ அசையவில்லை. உள்ளதைச் சொன்னாய். நாடாவை, வாங்கை, சேலையை, ஜெபமாலையை எல்லாம் சொன்னாய். சேலை ஐந்தரை மீற்றர் என்று சொன்ன மேதையைப் பற்றியும் சொன்னாயாம், நல்லது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே உனக்குப் பிடிபட்டது. துவைத்துத் துவைத்துச் சேலை சுருங்கியிருக்கிறது. ஆனால் படியையும் தொட்டியையும் மரவரிசையையும் பந்துத்தரையையும் அளந்தது அதே ஒரே சேலை. பந்துத்தரையின் உண்மையான நீளம் உலகத்துக்கே தெரியும். அதில் எத்தனை சேலை விழுந்தது என்று அம்மாவின் மணிக்குத் தெரியும், அது உன் குறிப்பில் இருந்தது. நீ கரும்பலகையில் வகுத்துப் பார்த்தாய். "என் அம்மாவின் சேலை ஐந்து மீற்றர் பத்து சென்ரிமீற்றர்" என்று அவர்களுக்குச் சொன்னாய். வரைபடத்தின் அடியில் இருந்த அளவுகோலை அடித்துவிட்டு, அதே இடத்தில் 'ஒரு சேலை' என்று தமிழில் எழுதி, நீளத்தைத் திருத்தினாய். ஒரு கோட்டைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மையார் இந்தத் தோட்டத்தை அமைத்தது யார் என்று கேட்டார். கட்டளை போட்டவர் ஒரு துரை, மலையை வெட்டியது என் அம்மாவின் ஆட்கள் என்றாய்.

அன்றைக்கே கடைக்கு ஃபோன் எடுத்தாய். நான் ஓடிப்போய் எடுத்தால், சுகம்கூடக் கேட்காமல், "அப்பா, அந்தப் பச்சச் சேலைய அளந்து பாருங்க. அஞ்சு பத்து வருதா பாருங்க" என்றாய். ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேலையை எடுத்தேன், அம்மாவும் கூடவே வந்தாள். கடை மேசையில் பித்தளை மீற்றர் கோலை வைத்து, ஹாஜியார், கடைப் பிள்ளைகள், சேலை வாங்க வந்த கெலிஓயாப் பெண்கள் எல்லாரும் சுற்றி நிற்க, நான் விரித்தேன். இந்தத் தடவை கோலை ஹாஜியார் பிடித்தார், என்னை நம்பவில்லை. ஐந்து மீற்றர் முடிந்தது. மிச்சத்தை அவர் விரலால் தடவிக்கொண்டே போனார். பத்தில் வந்து நின்றது. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. கடல் தாண்டி எங்கேயோ நின்றுகொண்டு என் மகள் கண்டியில் அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலையை அளந்துவிட்டாள். ஹாஜியார் கோலை மேசையில் தட்டி, "மாஷா அல்லாஹ், இனிமே எங்கட கடைக்கு அளவு பார்க்கிறது உங்கட மகள்தான், நீங்க மடிக்க மட்டும் நில்லுங்க" என்றார். எல்லாருக்கும் பிளேன்டீயும் பணிஸும் வந்தன. அந்தச் சந்தோஷத்தில் ஒரு கெலிஓயாப் பெண் எடுத்த சேலையை நான் இலவசமாகக் கொடுக்கப் பார்த்து, ஹாஜியார் தடுத்தார்.

உன் வரைபடம் அந்தச் சுவரிலிருந்து இறங்கவில்லை, அங்கேயே சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள் என்று பிறகு எழுதினாய். அந்த அம்மையார்தான் இப்போது உன்னை இரண்டு வருடத்துக்குக் கூப்பிடுகிறார். புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். பார், சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பிழை வந்தால் சுருட்டாதே என்று சொல்லலாம், அதை நீதான் எனக்குக் காட்டினாய். தெரியாததைத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல் என்பேன், அது ஒன்றுதான் நான் உனக்குக் கொடுத்த சொத்து, காவல் நிலையத்தில் அதுதான் கைகொடுத்தது. குளிருக்கு நல்ல கோட்டாக வாங்கு, உன் சொந்தக் கோட்டாக.

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருந்தோம். மாமா சொன்னார், படித்து முடித்தால் அங்கேயே ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடு, இந்தச் சண்டைக்கு நடுவில் திரும்பி வந்து என்ன செய்யப் போகிறாய் என்று. வந்திருந்த ஹாஜியாரும் அதையேதான் சொன்னார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ என் பக்கம் திரும்பி, "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்றாய். உன்னை அந்த வாங்கில் பார்த்தவன் நான், வேறு என்ன சொல்வேன்? "மாமா சொல்றது சரிதானே. இங்க என்ன இருக்கு?" என்றேன். நீ தலையாட்டினாய், சோறு போட்டுக்கொண்டாய், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. வாய்வரை வந்தும் சொல்லாமல் விழுங்கிய ஒன்று மட்டும் யாருக்கும் கேட்கவில்லை: படித்து முடித்த கையோடு வீட்டுக்கு வந்துவிடு, மகள்.